மெட்டியைக் கழற்றுங்கள், எடையை மறைக்காதீர்கள்!

பனிச்சறுக்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், "குல்மார்க் போகிறவர்கள் பனிச்சறுக்கு பற்றி இவரிடம் கேட்கலாம்" என்று ஆசிரியர் ஒரு வரி போட்டுவிட்டார். கடிதங்கள் குவிந்துவிட்டன. ராணுவத்தில் இருந்தபோது காஷ்மீரின் குல்மார்க்கில் உள்ள உயர்மலைப் போர்ப் பள்ளியில் ஸ்கீ கற்றுக்கொண்டு, பிறகு சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். ஓய்வுபெற்று வேலூர்ப் பக்கம் வந்த பிறகும், குளிர்காலத்தில் நம் ஊர்க்காரர்களை அழைத்துக்கொண்டு போய்வருகிறேன். பதிலில் அதட்டல் தொனித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உஸ்தாத் (பயிற்சி ஆசான்) வேலை பார்த்தவன் வாய் அப்படித்தான்.

கேள்வி: ஐயா, பிப்ரவரியில் நானும் மனைவியும் குல்மார்க் போகிறோம். முதல் பாடத்துக்கு என்னென்ன வாங்க வேண்டும்? ஜாக்கெட், பூட்ஸ், கண்ணாடி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். முதல்முறை போகிறவர் சொந்தமாக வாங்க வேண்டியவை கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, நீளமான மெல்லிய சாக்ஸ், தண்ணீர் புகாத கையுறை ஆகியவைதான். ஸ்கீ (காலில் மாட்டும் நீளமான சறுக்குப் பலகைகள்), பூட்ஸ், ஊன்றுகோல், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். மிச்சப்படும் பணத்தில் ஒரு பங்கை நல்ல பயிற்சியாளருக்குக் கொடுங்கள்.

பூட்ஸ் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். முதல் நாள் அழுது நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் குளிர் தாங்காமல் அழுதவர்கள் அல்லர், விழுந்து அழுதவர்களும் அல்லர். பூட்ஸ் கடித்து அழுதவர்கள். அதே பூட்ஸ் தொளதொளவென்று இருந்தால் அழுகை வராது, ஆனால் பாடமும் வராது. கால் திரும்பினால் ஸ்கீ திரும்ப வேண்டும். பூட்ஸுக்குள் கால் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தால் ஸ்கீ தன் பாட்டுக்கு நேரே போய்க்கொண்டே இருக்கும். பயிற்சியாளர் என்ன கத்தினாலும் பயன் இல்லை.

இந்த பூட்ஸின் அளவு நம் செருப்புக் கடை எண் அல்ல. பாதத்தின் நீளம் எத்தனை செ.மீ. என்பதுதான் அளவு. வீட்டிலேயே அளந்து குறித்துக்கொண்டு போங்கள். குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, உடல் எடை முழுவதும் அந்தக் காலில் விழும்படி நின்று, பெருவிரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டு அளக்க வேண்டும். 26.5 என்று வந்தால் 26.5 கேளுங்கள். இரண்டு காலையும் அளந்து, நீளமானதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

கடையில் பூட்ஸைக் கையில் கொடுத்ததும் உடனே மாட்டாதீர்கள். உள்ளே மெத்தென்ற உறை ஒன்று இருக்கும். அதைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நேற்று இன்னொருவர் போட்டது இன்னும் காயவில்லை என்று அர்த்தம், உங்கள் விரல்கள் பத்து நிமிடத்தில் விறைத்துவிடும். பிறகு உறையை வெளியே உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனிகள் முன்னால் முட்டும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்று அல்லது ஒன்றரை விரல் நுழைந்தால் சரியான அளவு. மூன்று விரல் நுழைந்தால் கடைக்காரர் கையில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்.

அளவு சரியென்றால் உறையை உள்ளே வைத்து மாட்டுங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்காரவைத்த பிறகே கொக்கிகளைப் போட வேண்டும். முதலில் கெண்டைக்கால் பக்கமுள்ள மேல் கொக்கிகளை இறுக்குங்கள். விரல் பக்கத்துக் கொக்கி கழன்றுவிடாமல் இருந்தால் போதும், இறுக்க வேண்டாம். அங்கே இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று கால் மரத்துப்போகும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொடும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்கிவிடும். இந்த இரண்டும் நடந்தால் பூட்ஸ் உங்களுடையது. கால்மணி நேரம் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

செருப்பிலேயே வளர்ந்த கால் நமது. விரல்கள் விரிந்து முன்பாதம் அகலமாக இருக்கும். குறுகலான பூட்ஸ் சுண்டுவிரலைக் கொன்றுவிடும். அதற்காக ஒரு அளவு பெரியதாக எடுக்கக் கூடாது, அதே நீளத்தில் அகலமானதைக் கேட்க வேண்டும். சாக்ஸ் ஒரு ஜோடிதான். குளிருமே என்று இரண்டு போட்டால் இடையே மடிப்பு விழுந்து கொப்புளம் வரும், காலும் இறுகி முன்பைவிட அதிகம் குளிரும். உள்ளாடையின் கால்பகுதியையும் பூட்ஸுக்குள் திணிக்க வேண்டாம். பூட்ஸுக்குள் கால், ஒரு சாக்ஸ், அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது பெருவிரல் நகம் கறுத்திருக்கும்.

கேள்வி: எனக்குத் திருமணமாகி மூன்று மாதம் ஆகிறது. மெட்டியைக் கழற்றவே கூடாது என்கிறார் மாமியார். மெட்டியோடு ஸ்கீ பூட்ஸ் போடலாமா? (மதுரை வாசகி)

பதில்: கூடாது மகளே. மாமியாரிடம் என் பெயரைச் சொல்லிக்கொள். இரண்டாவது விரலில் வெள்ளி வளையம் இருக்க, சுற்றிலும் பூட்ஸ் அழுத்த, மலை உயரத்தில் கால் சற்று வீங்க, பக்கத்து விரல் இரண்டும் புண்ணாகிவிடும். வீங்கிய விரலிலிருந்து மெட்டியைக் கழற்றுவது அதைவிடப் பெரிய பாடு. கொலுசையும் கழற்றிவிடு. பூட்ஸின் மேல்விளிம்பு கெண்டைக்காலை அழுத்திக்கொண்டே இருக்கும், நடுவே சங்கிலி இருந்தால் தோலில் பதிந்துவிடும். இரண்டையும் ஒரு மஞ்சள் கயிற்றில் கோத்துக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டால், மாமியாருக்கும் சமாதானம்.

தாலிச் சங்கிலியை உள்ளாடைக்குள் போட்டுக்கொள்ளலாம். நீளமான பின்னலை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள். துப்பட்டா, நீளமான மஃப்ளர் வேண்டவே வேண்டாம். மேலே இழுத்துச் செல்லும் கம்பிவட இழுவையில் தொங்குகிற எதுவும் சிக்கும். கழுத்துக்குக் குழல்போலத் தைத்த கழுத்துறை போதும்.

கேள்வி: வாடகைக் கடையில் எல்லோர் முன்னிலையிலும் எடையைக் கேட்பார்களாமே? எதற்கு? கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன? (பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்: குறைத்துச் சொன்னால் நீங்கள் நின்ற இடத்திலேயே ஸ்கீ கழன்று விழும்! பூட்ஸையும் ஸ்கீயையும் இணைக்கும் பிடிப்பில் ஒரு ஸ்பிரிங் உண்டு. நீங்கள் விழும்போது கால் முறுகுவதற்கு முன் பூட்ஸை அது விடுவித்துவிட வேண்டும். எவ்வளவு விசையில் விடுவிக்க வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாக நீளம், ஆள் எந்த அளவு தேறியவர் என்பதையெல்லாம் வைத்து அட்டவணை பார்த்து முடிவு செய்வார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாத நேரத்தில் கழலும். ஆண்கள் செய்வது இதற்கு நேர் எதிர். "ஏற்கெனவே பழக்கம் உண்டு" என்று பெருமைக்குச் சொல்வார்கள். ஸ்பிரிங்கை இறுக்கி வைப்பார்கள். விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால் முறுகும். முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுந்தால் ஆறு மாதமானாலும் பழையபடி ஓட முடியாது.

எடையை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், கணவர் பார்க்க மாட்டார். கடைக்காரர் எடையைக் கேட்காமலே ஸ்கீயை நீட்டினால் நீங்களே சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவர் கையில் ஸ்குரூடிரைவர் எடுக்கவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: வயது 47. வங்கி வேலை, நாற்காலியிலேயே வாழ்க்கை. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் சேர வேண்டுமா? (திருச்சி வாசகர்)

பதில்: மலைக்கோட்டையை ஊருக்கு நடுவில் வைத்துக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குக் காசு கட்டுவானேன்? வாரத்தில் மூன்று நாள் ஏறுங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் காரியம் இருக்கிறது. ஏறும்போது மூச்சு பழகும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. ஸ்கீ சறுக்கும்போதும் தொடை அதே வேலையைத்தான் நாள் முழுவதும் செய்யும். ஆகவே கைப்பிடியைப் பிடிக்காமல், ஒவ்வொரு படியாக, நிதானமாக இறங்குங்கள். வேகமாக இறங்கினால் முட்டிக்குத்தான் அடி.

வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் நில்லுங்கள். முதல் வாரம் அரை நிமிடம். போகப் போக ஒன்றரை நிமிடம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். முட்டியில் ஏற்கெனவே வலி, வீக்கம் இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் இதில் எதையும் தொடங்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதமாக வீடியோ பார்த்து எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. பயிற்சியாளர் இல்லாமல் சமாளிக்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: தம்பி, வீடியோவில் விழுகிறவன் எழுந்திருப்பதை வெட்டிவிட்டிருப்பார்கள். முதல் மணி நேரத்தில் நீ செய்யப்போவதில் பெரும்பகுதி அதுதான்.

முதல் பாடத்தில் என்ன நடக்கும் தெரியுமா? ஒரே ஒரு ஸ்கீயை மாட்டிக்கொண்டு சமதரையில் வட்டமடிப்பாய். பிறகு இரண்டையும் மாட்டி, சரிவுக்குக் குறுக்கே நின்று, நண்டு நடையில் பக்கவாட்டாக மேலே ஏறுவாய். ஐந்து மீட்டர் ஏறுவதற்குள் ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்துவிடுவாய். அடுத்து விழுவதற்குப் பாடம். பின்னால் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் ஸ்கீ வேகமெடுக்கும், முட்டிக்கும் ஆபத்து. பக்கவாட்டில், இடுப்பும் தொடையும் பனியில் படும்படி சாய வேண்டும். எழுந்திருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஸ்கீ எந்தத் திசையில் இருக்கிறது என்பதை. அது சரிவை நோக்கியிருந்தால் எழுந்த கணமே மறுபடி ஓடும். ஆகவே படுத்தபடியே உருண்டு, இரண்டு ஸ்கீயும் உனக்குக் கீழ்ப்புறம், சரிவுக்குக் குறுக்கே இருக்கும்படி கொண்டுவந்து, கையை ஊன்றி எழ வேண்டும். இது வந்த பிறகுதான், முன்நுனிகள் நெருங்கி, பின்முனைகள் அகன்று, உள்விளிம்புகளால் பனியைச் சுரண்டி நிற்கும் பாடம். நிற்கத் தெரிந்தவனுக்குத்தான் அடுத்த பாடம் உண்டு. நீ பின்னால் சாய்கிறாயா என்பது உனக்குத் தெரியாது, எதிரில் நிற்கிறவருக்குத் தெரியும். பயிற்சியாளர் வேண்டும் என்பது அதற்குத்தான்.

ஊன்றுகோலை முதல் மணி நேரத்தில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் விழும்போது கையைவிட்டு விட்டுவிடு. கோலைப் பிடித்தபடி விழுந்து கட்டைவிரல் மூட்டு பிசகுவது ஸ்கீக்காரர்களுக்கு வரும் வாடிக்கையான காயம்.

கேள்வி: அண்ணனுக்கு ஸ்கீ, எனக்கு ஸ்னோபோர்டு ஆசை. எது சுலபம்? (கோவை, கல்லூரி மாணவி)

பதில்: முதல் இரண்டு நாள் ஸ்கீ சுலபம். அதன்பிறகு ஸ்னோபோர்டு. ஸ்கீயில் சீக்கிரம் நகர்ந்துவிடலாம், ஆனால் அழகாகத் திரும்புவதற்குப் பல குளிர்காலம் ஆகும். ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாள் பிட்டத்திலும் முட்டியிலும்தான் பயணம், பிறகு திடீரென்று பிடிபட்டுவிடும். குல்மார்க்கில் தொடக்கநிலைப் பயிற்சியாளர்களில் ஸ்கீ கற்றுத்தருகிறவர்களே அதிகம், எனவே போர்டு சொல்லித்தருபவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்.

போர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருப்பதால், விழும்போது எல்லோரும் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு உடையும். மணிக்கட்டுக் காப்பு வாங்கிக்கொள், பெரிய விலை இல்லை. கையை விரிக்காமல் முஷ்டியாக மடக்கி, முன்கையில் விழப் பழகு. பனியில் உட்கார்ந்தே பாதி நேரம் போகும் என்பதால் தண்ணீர் புகாத கால்சட்டை கட்டாயம். ஜீன்ஸில் வந்து நின்றால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன். எந்தக் கால் முன்னால் என்று கடையில் கேட்பார்கள். வீட்டு டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஓடிவந்து சறுக்கிப் பார். தானாக முன்னால் போகிற கால்தான் போர்டிலும் முன்னால்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். வயது 58. ஆசைப்படுகிறார். அழைத்துப் போகலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: மருத்துவர் சம்மதித்தால் தாராளமாக. ஆனால் சில விஷயங்கள். இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது, உருகிய பிறகும் பயன்படாது. அதைக் கைப்பையில் வைக்காமல் உடலை ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் தவறாகக் காட்டும், அதையும் கதகதப்பாக வைத்திருங்கள். பனியில் உழைப்பு அதிகம் என்பதால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவராக இருந்தால் பூட்ஸ் கடிப்பதும் தெரியாது, விரல் விறைப்பதும் தெரியாது. அப்படியென்றால் ஸ்கீ வேண்டாம். கம்பிவட ஊர்தியில் முதல் கட்டம்வரை போய்ப் பனியைப் பார்த்துவிட்டுக் கஹ்வா என்னும் காஷ்மீரத் தேநீர் குடித்து வரட்டும், அதுவும் நல்ல நாள்தான்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். கடற்கரை ஊரிலிருந்து நேரே போய் அன்றைக்கே பாடத்தில் இறங்கக் கூடாது. சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஸ்ரீநகரில் ஓரிரவு தங்கி, மறுநாள் மேலே போய், அன்று மாலை நடந்து மட்டும் பழகி, அதற்கடுத்த நாள் பாடம். இது அம்மாவுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்தான். தலைவலியும் குமட்டலும் இருந்தால் அன்று பாடம் கிடையாது.

கேள்வி: வெயிலே இல்லாத இடத்துக்குச் சன்ஸ்கிரீன் எதற்கு? தேங்காய் எண்ணெய் போதாதா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பொள்ளாச்சிக்காரர் வேறு எதைக் கேட்பார்! எண்ணெய் புட்டிக்குள்ளேயே கட்டியாக நிற்கும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். புறஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. புதுப்பனி அதில் எண்பது விழுக்காடுவரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பக்கமும் தாடையின் கீழும்கூடக் கருகும். கறுத்த தோலுக்கும் சன்ஸ்கிரீன் வேண்டும். கண்ணுக்குக் கட்டாயம் கண்ணாடி. மேகமூட்டமான நாளிலும் கழற்றக் கூடாது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதன்மேல் மாட்டும் பெரிய வகையைக் கேளுங்கள்.

கேள்வி: குல்மார்க்கா, ஔலியா? எந்த மாதம்? பயிற்சியாளரை எப்படிப் பிடிப்பது? (சேலம் வாசகர்)

பதில்: நம் ஊரிலிருந்து போவதற்கு குல்மார்க்தான் வசதி. ஸ்ரீநகர்வரை விமானம், அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தங்மார்க்வரை சாதாரண வண்டி, அதற்குமேல் பனி அதிகமாக இருந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி. உத்தராகண்டில் உள்ள ஔலிக்கு ஜோஷிமட் வழியாகப் போக வேண்டும். 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் தாழ்ந்தபோது ரோப்வே நின்றது, எனவே சாலைவழியே திட்டமிடுங்கள். அங்கே கட்வால் மண்டல் விகாஸ் நிகம் என்னும் மாநில அரசு நிறுவனம் பயிற்சி வகுப்பு நடத்துகிறது, அவசரமில்லாதவர்களுக்கு நல்லது.

டிசம்பர் இறுதி விடுமுறையில் போகிறவர்கள் சூதாடுகிறார்கள். 2024 ஜனவரியில் மாதக் கடைசிவரை குல்மார்க் புல்வெளி பழுப்பாகவே கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி இறுதிக்குள் தேதி வையுங்கள், அதுவும் ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாக.

வண்டியை விட்டு இறங்கியதும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். "ஸ்கீ, பூட்ஸ், ஆள், எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்பார்கள். உங்களை ஸ்கீயில் நிறுத்திக் கையைப் பிடித்து இருபதடி இழுத்துப்போய் போட்டோ எடுத்துத் தருவார்கள். அது பாடமல்ல, பாவம், அவர்களின் பிழைப்பு. கற்க வேண்டுமென்றால், சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் அங்கேயே இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மலையேற்றக் கழகத்தின் வகுப்பில் முன்பதிவு செய்யுங்கள், அல்லது உரிமம் பெற்ற பயிற்சியாளரைத் தங்கும் விடுதி மூலம் முன்கூட்டியே பேசுங்கள். மூன்று நாளாவது ஒரே ஆள் சொல்லித்தர வேண்டும். காஷ்மீரத்துப் பையன்கள் நடக்கும் வயதிலிருந்து சறுக்குகிறவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் இந்த வட்டாரத்துக்காரர்தான். இவர்களிடம் கற்பது பாக்கியம். அதற்காக வடக்கத்தியருக்கு மட்டும்தான் பனி என்று நினைக்க வேண்டாம். குறுக்குநாட்டு ஸ்கீயில் (நெடுந்தூர ஸ்கீ ஓட்டத்தில்) பதக்கங்கள் வென்ற பவானி, குடகுக்காரப் பெண்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். யார் அழைத்தாலும், கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்துக்கு, ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்கு, ஸ்கீயோடு போக வேண்டாம். அந்தச் சரிவு தேர்ந்தவர்களுக்கானது, பனிச்சரிவு விழும் இடம். 2024 பிப்ரவரியிலும் அங்கே உயிர் போயிற்று. உங்கள் பாடம் கீழே, புல்வெளிக் கிண்ணத்தில்.

இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் இணைப்புள்ளவர் ஒருவராவது குழுவில் இருக்கட்டும்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் வயது, பாத நீளம், போகிற மாதம் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். "ரொம்பக் குளிருமா?" என்று மட்டும் கேட்டு ஏழு கடிதம் வந்திருக்கிறது. ஏழு பேருக்கும் சேர்த்து: குளிரும்.